கம்பைலரின் பூர்வீகம்

கம்பைலரும் ஒரு நிரல்தான். மனிதர் எழுதிப் படிக்கக்கூடிய மூலநிரலை வாங்கிக்கொண்டு, செயலிக்குப் புரியும் எண்வரிசையாக மாற்றித் தருவது அதன் வேலை. அந்தக் கம்பைலருக்கும் ஒரு மூலநிரல் உண்டு. அதுவும் ஏதோ ஒரு மொழியில் எழுதப்பட்டதுதான். அதை எண்வரிசையாக மாற்ற இன்னொரு கம்பைலர் வேண்டும். தயார்நிலைக் கோப்பை இறக்கி நிறுவுகிறவர்களுக்கு இந்தச் சங்கிலி கண்ணில் படுவதேயில்லை. மூலநிரலிலிருந்து கட்டி நிறுவ முனைகிறவர்களை அது முதல் படியிலேயே மறிக்கும். ஏற்கத்தக்க சி கம்பைலர் எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு வரியை எழுதிவிட்டு வேலை நின்றுவிடும். கம்பைலர் கட்ட வந்தவரிடமே கம்பைலர் எங்கே என்கிறது கணினி.

கள்ளக்குறிச்சிப் பகுதியில், சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையிலுள்ள சின்னசேலத்தில் படித்தாலும், கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் படித்தாலும், மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவருக்குக் கம்பைலர் அறிமுகமாவது பதினொன்றாம் வகுப்பில். 2018இல் வந்த புதிய பாடநூல் சி++ கற்பிக்கிறது. நிரலை எழுதி ஓட்டிப் பார்க்க டெவ்-சி++ என்ற மென்பொருளைக் காட்டுகிறது. அடுத்த ஆண்டு வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூல் பைத்தானுக்குப் போகிறது. போனாலும், பைத்தானுக்குள்ளிருந்து சி++ நிரலை ஓட்டுவது பற்றி ஒரு பாடம் வைத்திருக்கிறது. அதில் மின்ஜிடபிள்யூ என்ற பெயர் வருகிறது. இரண்டிலும் இருப்பது ஒரே சரக்குதான். டெவ்-சி++ வெறும் சாளரம். சி++ கற்றுத்தரும் அந்தச் சாளரமே டெல்ஃபி மொழியில் எழுதப்பட்டது என்பது ஒரு சின்ன வேடிக்கை. உள்ளே உட்கார்ந்து உழைப்பது மின்ஜிடபிள்யூ, அதாவது விண்டோஸுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிசிசி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் குனு திட்டத்துக்காக வெளியிட்ட கம்பைலரின் வழிவந்தது அது. பெயர் தெரியாமலே தமிழ்நாட்டுப் பள்ளிகள் அதைத்தான் பயன்படுத்திவருகின்றன.

2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்சும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம் அது. டெபியனில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் மூலநிரலும் சேர்ந்தே கிடைக்கும். ஒரு மென்பொருளைக் கட்டத் தேவையான மற்றவற்றை வரவழைக்க ஒரே கட்டளை போதும். ஆக, ஜிசிசியை அதன் மூலத்திலிருந்து கட்டிப் பார்ப்பதற்கான தளம் கள்ளக்குறிச்சி வட்டாரத்துப் பிளஸ் டூ மாணவர் கையில் அப்போதே இருந்தது.

ஜிசிசியின் மூலநிரல் சுருக்கப்பட்ட ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. 2023இல் வந்த 13.2 பதிப்பு, எக்ஸ்இசட் முறையில் சுருக்கியபின் ஏறத்தாழ 85 எம்பி. கட்டி முடிப்பதற்குள் அது சில ஜிபி இடத்தைப் பிடித்துவிடும். கோப்போடு ஒரு சிறிய கையொப்பக் கோப்பும் உண்டு. வெளியிட்டவர் தந்ததுதான் வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்க அது உதவும். அவசரத்தில் பெரும்பாலோர் தாண்டிப் போகும் படி இது.

அடுத்து ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று கணித நூலகங்கள் தேவை. மொழிபெயர்க்கும் நிரலுக்குக் கணிதம் எதற்கு? நிரலில் 0.5இன் சைன் மதிப்பு வேண்டும் என்று எழுதியிருந்தால், ஓடும்போது கணக்கிட விடாமல், கட்டும்போதே விடையை எழுதிவைத்துவிடுவது கம்பைலரின் வழக்கம். எந்தக் கணினியில் கட்டினாலும் அந்த விடை கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும். கட்டுகிற கணினியின் கணக்கை நம்பாமல் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளத்தான் இந்த மூன்றும். இவற்றைத் தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை. மூலநிரலோடு வரும் ஒரு சிறு ஸ்கிரிப்டை ஓட்டினால், பொருத்தமான பதிப்புகளை அதுவே இறக்கி உரிய இடத்தில் வைத்துவிடும்.

கட்டும் வேலையை மூலநிரல் இருக்கும் அடைவுக்குள் செய்யக் கூடாது. வெளியே வெற்று அடைவு ஒன்றை உருவாக்கி, அங்கிருந்து கான்ஃபிகர் ஸ்கிரிப்டை அழைக்க வேண்டும். பல்லாயிரம் வரிகள் கொண்ட இந்த ஸ்கிரிப்டு யாரும் கையால் எழுதியதல்ல. ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்கித் தருவது. கணினியில் என்னென்ன இருக்கின்றன, என்னென்ன இல்லை என்று நூற்றுக்கணக்கான குட்டிச் சோதனைகளை நடத்தி, மேக்ஃபைல் என்ற வேலைத்திட்டத்தை அது எழுதிக் கொடுக்கும். இந்த இடத்தில் மூன்று தெரிவுகள் முக்கியம். நிறுவும் இடத்தைப் பயனரின் சொந்த அடைவுக்குள் வைப்பது நல்லது. கணினியோடு வந்த கம்பைலரின் மேல் கைவைக்க வேண்டி வராது, நிர்வாகி அனுமதியும் தேவைப்படாது. சி, சி++ இரண்டு மொழிகள் மட்டும் போதும் என்று சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் ஃபோர்ட்ரானும் சேர்ந்து கட்டப்படும். 64 பிட் கணினியில் 32 பிட் ஆதரவை அணைத்துவிட வேண்டும். அணைக்காமல் விட்டால், 32 பிட் நூலகங்களும் தலைப்புக் கோப்புகளும் இல்லாத கணினியில் கான்ஃபிகரே அதைச் சொல்லிவிட்டு நின்றுபோகும்.

பிறகு மேக். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதிய இந்தக் கருவியின் தர்க்கம் மிக எளியது. எதிலிருந்து எது உருவாகிறது என்ற பட்டியல் அதனிடம் உண்டு. மூலக் கோப்பின் நேரம் விளைந்த கோப்பின் நேரத்தைவிடப் பிந்தியதென்றால் அதை மறுபடி கட்டும், இல்லையென்றால் விட்டுவிடும். மின்வெட்டில் பேட்டரியும் தீர்ந்து மடிக்கணினி அணைந்துபோனாலும், மறுபடி மேக் என்று சொன்னால் விட்ட இடத்திலிருந்து தொடர்வது இதனால்தான். ஒரு சங்கடம் மட்டும் உண்டு. அணையும் நொடியில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நிற்கும். அதன் நேரம் புதியதாக இருப்பதால் மேக் அதை முடிந்த வேலை என்று எண்ணிக்கொள்ளும். கடைசியில் துண்டுக் கோப்புகளை இணைக்கும் லிங்கர்தான் அதைக் கண்டுபிடித்துத் திட்டும். அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் தீர்ந்தது. பழைய மடிக்கணினியில் கடிகார பேட்டரி செத்துப்போயிருந்தால் தொல்லை வேறு மாதிரி. தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய், எல்லா மூலக் கோப்புகளும் எதிர்காலத்தில் எழுதப்பட்டவையாகத் தெரியும், மேக் குழம்பிவிடும்.

நினைவகம் இன்னொரு எல்லை. நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் செய் என்று மேக்கிடம் சொல்லலாம். 2 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் அப்படிச் சொன்னால், சி++ கம்பைலரின் உட்பகுதியை லினக்ஸ் கர்னலே கொன்றுவிட்டு, கொன்ற செய்தியை ஒரு வரியில் சொல்லும். வேலையை ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொண்டு, நேரத்தைப் பொறுமையாகக் கொடுப்பதுதான் வழி. அந்த நேரம் எவ்வளவு என்று மணிக்கணக்கில் சொல்வதில் அர்த்தமில்லை. லினக்ஸ் முழுவதையும் மூலத்திலிருந்து கட்டக் கற்றுத்தரும் 'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' நூல் இதற்கு ஓர் அளவை வைத்திருக்கிறது. அசெம்பிளரும் லிங்கரும் அடங்கிய பின்யூட்டில்ஸ் தொகுப்பை முதன்முறை கட்ட அந்தக் கணினிக்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ அது ஓர் அலகு. மற்ற எல்லா நேரமும் அதன் மடங்காகச் சொல்லப்படும். அந்தக் கணக்கில் ஜிசிசி மிகப் பெரியவற்றுள் ஒன்று. சின்னசேலத்துச் சித்திரை வெயிலில், சூடேறிய செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்போது அலகே நீண்டுவிடும்.

நேரத்தைத் தின்பது, ஜிசிசி தன்னை மூன்று முறை கட்டிக்கொள்வது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் கம்பைலரைக் கொண்டு முதல் முறை. அதில் பிறப்பது முதல் கட்டக் கம்பைலர். அந்தக் கம்பைலரைக் கொண்டு அதே மூலநிரலை மறுபடி கட்டினால் இரண்டாம் கட்டம். இரண்டாவதைக் கொண்டு மறுபடியும் கட்டினால் மூன்றாம் கட்டம். முதல் கட்டத்தை உருவாக்கியது யாரோ எழுதிய பழைய கம்பைலர். அதன் எண்வரிசை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மூலநிரலில், ஒரே தர்க்கம் கொண்ட கம்பைலர்களால் உருவானவை. எனவே அவை பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். மேக் இரண்டையும் ஒப்பிடும். வித்தியாசம் இருந்தால் ஒப்பீடு தோற்றது என்று அறிவித்து நின்றுவிடும். மூலநிரலின் சரியையும் பிழையையும் இந்தச் சோதனை முழுக்கச் சொல்லிவிடாது. கம்பைலர் தன்னைத் தானே மொழிபெயர்க்கும் அளவுக்கு நிலைபெற்றுவிட்டது என்பதை மட்டும் சொல்லும். ஒரு கம்பைலருக்கு அதுவே கடுமையான முதல் தேர்வு.

நிறுவுவது நொடிகளில் முடியும். அதன்பின் வரும் தடுமாற்றம் ஒன்றுதான்: புதிய கம்பைலரால் கட்டிய சி++ நிரல், ஓடும்போது பழைய கம்பைலரோடு வந்த நூலகத்தைப் பிடித்துக்கொண்டு, வேண்டிய பதிப்பு இல்லையென்று மறுக்கும். நூலகத்தைத் தேட வேண்டிய பாதையையும் மாற்றிச் சொன்னால் சரியாகிவிடும்.

முதல் கட்டத்துக்கு ஒரு பழைய கம்பைலர் வேண்டும் என்ற நிபந்தனை எங்கே முடிகிறது? ஜிசிசி நெடுங்காலம் சியில் எழுதப்பட்டிருந்தது. எளிய சி கம்பைலர் ஒன்று இருந்தாலே கட்டிவிட முடிந்தது. 2013இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து அதைக் கட்ட சி++ கம்பைலர் தேவை. ஆகவே, சி கம்பைலர் மட்டும் வைத்திருப்பவர் முதலில் 4.7ஐக் கட்டி, அதைக் கொண்டு புதியதை நோக்கிப் படிப்படியாக ஏற வேண்டும். உறைமோர் இல்லாமல் தயிர் இல்லை. அந்த உறைமோரும் நேற்றைய தயிர். வரலாற்றில் இதை உடைத்தவர்கள் இரண்டு விதம். ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் குழு 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் கம்பைலர், அசெம்பிளி மொழியில் கையால் எழுதப்பட்டது. எம்ஐடியில் 1962இல் டிம் ஹார்ட்டும் மைக் லெவினும் வேறு வழி கண்டார்கள்: லிஸ்ப் கம்பைலரை லிஸ்பிலேயே எழுதி, ஏற்கெனவே இருந்த லிஸ்ப் இன்டர்பிரட்டரில் (மூலநிரலை மாற்றி வைக்காமல் அப்படியே ஓட்டும் நிரல் அது) அதை ஓட்டி, அதன் மூலநிரலையே அதற்கு உள்ளீடாகக் கொடுத்தார்கள். தன்னைத் தானே மொழிபெயர்த்துக்கொண்ட முதல் கம்பைலர் அதுதான் என்று சொல்லப்படுகிறது.

இந்தப் பூர்வீக விசாரணை தமிழ்நாட்டில் கனமாகப் பொருந்துவது சென்னை ஐஐடியின் சக்தி செயலிக்கு. பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பை ஏற்று வடிவமைத்த செயலி அது. 2018இல் ஒரு சில்லு இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையிலும், இன்னொன்று சண்டிகரை அடுத்த மொஹாலியின் எஸ்சிஎல் ஆலையில் 180 நானோமீட்டரிலும் வார்க்கப்பட்டன. செய்தித்தாள்கள் சுதேசிச் செயலி என்று எழுதின. அது பொய்யில்லை, வடிவமைப்பு இங்கே நடந்தது, மூலநிரல் எவரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தில் கிடைக்கிறது. ஆனால் அந்த மூலநிரலை எடுத்துக் கட்ட முனைகிறவருக்குப் பெரிய குடும்ப மரம் ஒன்று தென்படும். செய்தித்தாளின் சொல்லைவிட அந்த மரம் சுவையானது.

சக்தியின் வடிவமைப்பு புளூஸ்பெக் மொழியில் எழுதப்பட்டது. வன்பொருளை விவரிக்கும் அந்த மொழியை, சில்லுக் கருவிகள் ஏற்கும் வெரிலாக் வடிவத்துக்கு மாற்றித் தருவது பிஎஸ்சி என்ற கம்பைலர். கான்பூர் ஐஐடியில் படித்து எம்ஐடியில் பேராசிரியராக இருந்த அர்விந்த் 2003இல் தொடங்கிய நிறுவனத்தின் சரக்கு அது. பல ஆண்டுகள் விலைகொடுத்து உரிமம் வாங்க வேண்டியிருந்தது. திறந்த செயலியைத் திறக்காத கம்பைலரால் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. 2020இல் பிஎஸ்சியின் மூலநிரல் திறந்துவிடப்பட்டது. இன்று யாரும் அதை இறக்கி, துணைக் களஞ்சியங்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, மேக் கொண்டு கட்டலாம். துணைக் களஞ்சியங்களை மறந்தால் தர்க்கச் சமன்பாடுகளைத் தீர்க்கும் பகுதி இல்லாமல் வேலை நிற்கும்.

பிஎஸ்சி ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்டது. அதைக் கட்ட ஜிஎச்சி என்ற ஹாஸ்கெல் கம்பைலர் வேண்டும். ஜிஎச்சியும் ஹாஸ்கெலிலேயே எழுதப்பட்டது. அதைக் கட்டச் சில பதிப்புகள் முந்தைய ஜிஎச்சி வேண்டும். அதன் சொற்பிரிப்பியையும் இலக்கணப் பகுப்பியையும் உருவாக்கும் கருவிகள் ஹாஸ்கெல். இன்றைய கட்டுமான முறையான ஹாட்ரியனும் ஹாஸ்கெல். பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் 1989இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கெவின் ஹாமண்ட் எழுதிய முன்மாதிரியில் முட்டும். அது லேசி எம்எல் என்ற மொழியில் எழுதப்பட்டது. லேசி எம்எல்லின் கம்பைலரை ஸ்வீடனில் எழுதிய இருவரில் ஒருவர் லெனார்ட் ஆகஸ்ட்சன். பிற்காலத்தில் புளூஸ்பெக் கம்பைலரை முதலில் எழுதியவரும் அவரே. சென்னையில் வடிவமைத்த செயலியின் பாட்டன் வழியும் அப்பன் வழியும் ஒரே வீட்டில் போய் முடிகின்றன.

இனி மறுகரையின் கதை. செயலியை வடிவமைத்தபின், அதில் ஓடும் நிரலை எழுத சி கம்பைலர் வேண்டும். சில்லே வராத நாளில் அந்தச் சில்லின் மேல் கம்பைலரை ஓட்ட முடியாது. அதனால் குறுக்குக் கம்பைலர்: ஓடுவது சாதாரண இன்டெல் மடிக்கணினியில், எழுதித் தருவது ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகளை. அதைக் கட்டும் வரிசை மாறாது. முதலில் பின்யூட்டில்ஸின் அசெம்பிளரும் லிங்கரும். பிறகு நூலகம் எதுவும் இல்லாத மொட்டை ஜிசிசி. அதைக் கொண்டு நியூலிப் என்ற சிறிய சி நூலகம். கடைசியில் அந்த நூலகத்தைச் சேர்த்து முழு ஜிசிசி. இங்கே மூன்று கட்ட ஒப்பீடு கிடையாது. பிறந்த கம்பைலர் பிறந்த கணினியின் மொழியைப் பேசாததால், அதைக் கொண்டே அதை மறுபடி கட்டிச் சோதிக்க வழியில்லை. இந்த வேலையைச் செய்ய ஐஐடி ஆய்வகம் தேவையில்லை. வட்டில் பத்துப் பதினைந்து ஜிபி இடமும் இணையமும் இருந்தால் கள்ளக்குறிச்சியில் எந்த வீட்டிலும் செய்யலாம். கட்டியதை ஓட்டிப் பார்க்கப் போலிச் செயலியாக நடிக்கும் மென்பொருள் ஒன்று போதும்.

தமிழிலேயே நிரல் எழுதும் முயற்சியான எழில் இந்த மரத்தில் எங்கே நிற்கிறது? முத்தையா அண்ணாமலை உருவாக்கி 2009இல் கட்டுரையாக விவரித்த இந்த மொழியில் 'பதிப்பி' அச்சிடும்; நிபந்தனையை முன்னே எழுதிப் பின்னே 'ஆனால்' என்றும் 'வரை' என்றும் முடிப்பார்கள், தமிழ் வாக்கியம் போலவே. எழில் கம்பைலர் அல்ல, பைத்தானில் எழுதப்பட்ட இன்டர்பிரட்டர். பைத்தானை மூலத்திலிருந்து கட்ட சி கம்பைலர் வேண்டும். (கட்டி நிறுவும்போது 'இன்ஸ்டால்' என்னாமல் 'ஆல்ட்இன்ஸ்டால்' என்பது உத்தமம், இல்லையென்றால் பைத்தான் 3 என்று அழைக்கும்போது கணினியின் பழைய பைத்தானுக்குப் பதில் இது வந்து நிற்கும்.) ஆக, எழிலுக்கு அடியில் பைத்தான், அதற்கு அடியில் ஜிசிசி.

இந்த அடுக்குகள் தமிழ் எழுத்தை எப்படி வாங்கிக்கொள்கின்றன என்பதும் கவனிக்கத் தக்கது. பைத்தான் 3 வந்த 2008 முதல் மாறியின் பெயரைத் தமிழில் எழுதலாம். ஜிசிசியில் அது 2020இல் வந்த 10ஆம் பதிப்பில்தான் நேரடியாகக் கைகூடியது. 'கொடி' என்ற பெயரில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே எண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தான் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஜிசிசிக்கு அவை இரண்டு வெவ்வேறு மாறிகள். இரண்டாவது வகையைக் கண்டால் ஓர் எச்சரிக்கை மட்டும் தரும். எச்சரிக்கையைப் படிக்காதவர், தான் அறிவித்த மாறியே அறிவிக்கப்படவில்லை என்ற பிழைச் செய்தியைப் பார்த்து விழிக்க வேண்டியதுதான்.

மூலநிரலிலிருந்து கட்டினால் உள்ளே இருப்பது என்னவென்று தெரியும் என்ற நம்பிக்கையைக் கென் தாம்ப்சன் 1984இல் அச்சான தன் டூரிங் விருது உரையில் உடைத்தார். லாகின் நிரலைக் கட்டும்போது ரகசியக் கதவொன்றைச் சேர்க்கும்படியும், கம்பைலரையே கட்டும்போது இந்த வழக்கத்தை மறுபடி நுழைக்கும்படியும் ஒரு கம்பைலரைத் திருத்தலாம். பிறகு மூலநிரலிலிருந்து அந்தத் திருத்தத்தை அழித்துவிடலாம். மூலநிரல் சுத்தம், எத்தனை முறை கட்டினாலும் கதவு திறந்தே இருக்கும். ஜிசிசியின் மூன்று கட்ட ஒப்பீடு இதைக் கண்டுபிடிக்காது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மாதிரி கெட்டிருக்கும். டேவிட் வீலர் 2005இல் முன்வைத்த வழி, தொடர்பில்லாத வேறொரு கம்பைலரைக் கொண்டு அதே மூலநிரலைக் கட்டி, அதைக் கொண்டு மறுபடி கட்டி, வருவதை ஒப்பிடுவது. இரண்டு வேறு பூர்வீகம், ஒரே முடிவு என்றால் சந்தேகம் தீரும்.

இது வெறும் ஏட்டுப் பயமல்ல. 2015இல் சீனாவில் பரவிய, கைவைக்கப்பட்ட எக்ஸ்கோட் தொகுப்பு (ஐஃபோன் நிரல்களைக் கட்டும் கருவி), அதைக் கொண்டு கட்டிய ஐஃபோன் ஆப்களுக்குள் எல்லாம் தன் துண்டை நுழைத்தது. 2024 மார்ச்சில் பிடிபட்ட விவகாரம் இன்னும் நெருக்கமானது. ஜிசிசியின் மூலக் கோப்பைச் சுருக்கப் பயன்படும் அதே எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் ஒரு கள்ளவழி இருந்தது. அதைத் தூண்டும் வரி பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுச் சுருக்கக் கோப்பிலிருந்த கான்ஃபிகர் பகுதியில் மட்டும் இருந்தது. யாரும் படிக்காத பல்லாயிரம் வரிகள் ஒளிந்துகொள்ள நல்ல இடம்தானே. டெபியன், ஆர்பிஎம் தொகுப்பாகக் கட்டப்படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அது விழித்தது. தன் சொந்த அடைவில் கையால் கட்டியவரிடம் அது தூங்கிவிட்டது. உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைப் பார்த்து ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் துருவிப்போய்க் கண்டுபிடித்தார்.

சங்கிலியை அடிவரை தோண்டிவிடும் வேலையும் நடந்திருக்கிறது. குனு கிக்ஸ் திட்டம் 2023 ஏப்ரலில், 357 பைட் அளவுள்ள ஒரே நிரலிலிருந்து தொடங்கி ஜிசிசி வரை ஏறும் வழியை அறிவித்தது. அந்த 357 பைட்டையும் ஒருவர் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றும் என்ன கட்டளை என்று பார்த்துவிடலாம். அது பதினாறு அடிமான எண்களைப் பைட்டாக மாற்றுகிறது. அதைக் கொண்டு கொஞ்சம் பெரிய அசெம்பிளர். அதைக் கொண்டு எளிய சி கம்பைலர். அப்படியே மெஸ், டைனிசிசி என்ற சிறு கம்பைலர்கள், பழைய ஜிசிசி, புதிய ஜிசிசி. ஹாஸ்கெல் பக்கம் இவ்வளவு தெளிவில்லை. ஆகஸ்ட்சன் எழுதி 2024இல் கட்டுரையாக வெளியிட்ட மைக்ரோஎச்எஸ் என்ற சிறிய ஹாஸ்கெல் கம்பைலரை சி கம்பைலர் ஒன்றைக் கொண்டே கட்டிவிடலாம். ஆனால் அதற்காக அதோடு வரும் சி கோப்பு, மனிதர் எழுதியதல்ல, கம்பைலர் துப்பியது.

கிக்ஸ் தோண்டியதிலும் மிச்சம் உண்டு. 357 பைட்டை ஓட்ட ஏற்கெனவே ஒரு லினக்ஸ் கர்னல் வேண்டும். அதை ஓட்ட ஒரு செயலி வேண்டும். கர்னலுக்கு மூலநிரல் கிடைக்கிறது; கடையில் வாங்கும் மடிக்கணினியின் செயலிக்குக் கிடைப்பதில்லை. மூலநிரலோடு கிடைக்கும் செயலி வேண்டுமென்றால் சக்தி போன்ற ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். அதன் மூலநிரலை வெரிலாக்காக மாற்ற பிஎஸ்சி வேண்டும், அதைக் கட்ட ஜிஎச்சி வேண்டும், அந்த ஜிஎச்சியை இன்று ஓட்டிக்கொண்டிருப்பது மறுபடியும் அந்த மூலநிரல் கிடைக்காத செயலிதான்.